நடு எழுத்து

அலைகளின் தலை வெளுக்கத் தொடங்கியதைப் பெனடிக்டாவுக்கு முன்பே வேல்மயில் பார்த்துவிட்டான். சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததா, வேம்பாரில் கடலைப் பார்த்த வீட்டில் பிறந்தவள், பத்து வயதிலேயே வள்ளத்தில் ஏறியவள், இந்தப் பதினெட்டு அடிப் பாய்ப்படகு நாலு வருடமாக அவள் பொறுப்பில்தான் இருக்கிறது, அவளிடம் போய் அக்கா அங்கே கடல் வெள்ளையாகத் தெரிகிறது என்று சொன்னால் என்ன நினைப்பாள், கடல் உயிரியலில் பட்டம் வாங்கியவன் நுரையைப் பார்த்து மிரள்கிறான் என்று நினைக்கமாட்டாளா. ஆனால் அவள் பார்க்கவில்லை. மேற்குக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மத்தியானம் சாப்பிட்ட டப்பாவைக் கடல் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். பாயைத் தளரவிட்டுப் படகைச் சும்மா மிதக்க விட்டிருந்தார்கள். அவன் காதில் ஹெட்போன் இருந்தது. படகுக்கு அடியில் இருபது அடி ஆழத்தில் தொங்கிய மைக் கீழே இருக்கிற சத்தத்தையெல்லாம் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆவுளியா என்கிற கடற்பசு கூப்பிடுகிறதா என்று கேட்பதுதான் வேலை, அதற்காகத்தான் எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் பாயில் வந்திருந்தார்கள். பதினொரு நாளாய் ஆவுளியா கூப்பிடவில்லை. சின்ன இறால்கள் படபடவென்று பொரியும் சத்தம்தான் கேட்டது, மூட்டத்துக்குள் கருவேலங்கட்டை வெடிக்கிற மாதிரியே, விளாத்திகுளத்துக்கு மேற்கே அப்பா கரிமூட்டம் போடும் காட்டில் காதை மண்ணில் வைத்தால் கேட்கிற அதே சத்தம். கடலுக்குள்ளும் யாரோ கரி போடுகிறார்கள் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டான், அதையும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது வெள்ளை பக்கத்தில் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ண முடிந்தது எண்ண முடியாததாகி, மேற்கே கடல் முழுக்க உப்பளம்போல் கிடந்தது. சொல்லலாமா. ஹெட்போனைக் கழற்றினான். வாயைத் திறந்தான். அதற்குள் அவள் நிமிர்ந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்து, கையிலிருந்த டப்பாவைப் படகுக்குள் எறிந்தாள். "ஏ சயின்டிஸ்டு! இம்புட்டு வெள்ளையா வருது, ஒனக்குக் கண்ணு எங்கல இருக்கு? பாக்கலியா?" அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு ஆட்டல், பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்குப் பழகியது, கேட்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

"மைக்க இழு. லைஃப் ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டு. கச்சான் எறங்கிட்டு," என்றாள் அவள். கச்சான் என்றால் மேல்காற்று, நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பது, விட்டால் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். "பாய இழுத்துப் பிடிச்சு ஏறிப்போனாத்தான் கர. இல்லன்னா ராத்திரிச் சாப்பாடு சிலோன்ல, கல்பிட்டியிலதான், பாஸ்போர்ட் வச்சிருக்கியா?" அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள், அவனும் சிரித்தான், அவள் சிரித்ததால் நிலைமை மோசமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா, அல்லது மோசமான நேரத்தில் சிரிக்கிறவளா, பதினொரு நாளில் அது தெரியவில்லை. பாய் நிறைந்ததும் படகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது, சாய்ந்த பக்கத்து விளிம்பில் தண்ணீர் வழவழவென்று ஏறி உள்ளே வந்து அவன் காலை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்ததுதான் பயமாயிருந்தது. அவனுக்கு நீச்சல் தெரியாது, அதை வேலைக்குச் சேரும்போதே உண்மையாக எழுதிக்கொடுத்திருந்தான், ஜாக்கெட் போட்டுக்கொண்டால் போதும் என்றார்கள். அவன் பொய் சொல்லுகிறவன் இல்லை. பொய் சொன்னதே இல்லை என்றுகூடச் சொல்லலாம், தலைதான் ஆட்டியிருக்கிறான். "பாய் பெருசு, காத்துக்குத் தாங்காது, ஒரு மடிப்பு எடுத்துருவோம். நேத்து மணல்ல வச்சுக் காட்டுனேன்ல, ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இருந்தது. நோட்டில்கூட இருந்தது. பாயைப் பாய்மரத்தில் ஏற்றி நிறுத்தும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு தாமான். பாயின் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை பருமல். முதலில் தாமானை இளக்க வேண்டும், பாய் காற்றைக் கொட்டிவிட்டுத் துவளும். அப்புறம் ஆஞ்சானை இரண்டு முழம் இறக்கி, பாயின் வளையத்தைக் கொக்கியில் மாட்டி, மறுபடி ஏற்றி, மிஞ்சிய துணியைச் சுருட்டி நாடாக்களால் கட்ட வேண்டும். பருமலைத் தூக்கி வைத்திருப்பதே பாய்தான், அதனால் நான் பருமலைப் பிடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் ஆஞ்சானில் கை வைக்க வேண்டும் என்று அவள் சொன்னதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். அத்தனையும் எழுதியிருந்தான், கையில் கயிற்றைப் பிடித்து ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. செஞ்சு பாக்கியா என்று அவள் கேட்டாள், புரிஞ்சிருச்சுக்கா என்று சொன்னான், அவள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். எழுந்து நின்று இன்னொன்றும் சொன்னாள்: "காத்துல பாதி வார்த்ததான் காதுக்கு வரும். கேக்கலன்னா 'கேக்கல'ன்னு கத்து. வெக்கப்படாத. நூறு தடவ கேட்டாலும் நான் நூறு தடவ சொல்லுவேன்." அதற்கும் தலையை ஆட்டினான்.

தலையை ஆட்டி ஆட்டித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று நடுப்பலகையைத் தாண்டி மரத்தைப் பார்த்துத் தவழ்கிறபோது தோன்றியது, இப்போது போய் ஏன் இது தோன்ற வேண்டும், கையும் காலும் எங்கே வைக்கிறோம் என்று பார்க்க வேண்டிய நேரத்தில். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அப்பாவோடு போய் நின்ற அந்த மேசை வந்தது. எதிரே இருந்தவர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டே தகப்பனார் தொழில் என்ன என்றார், அப்பா கரிமூட்டம் என்றார், அவர் கறி வியாபாரம் என்று எழுதினார், வல்லின ற போட்டு, அழகான கையெழுத்தில். வேல்மயில் தலைகீழாக அதை வாசித்தான். "சரியா இருக்கான்னு பாத்துக்கோ தம்பி," என்று காகிதத்தைத் திருப்பினார். பின்னால் வரிசை நின்றது, மின்விசிறி சத்தம் போட்டது, அப்பா அவன் முகத்தையே பார்த்தார், படித்தவன் நீதானே பார்த்துச் சொல் என்கிற பார்வை. சரியா இருக்கு சார். ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்தோடு அப்பா கல்லூரிப் பதிவேட்டிலும் விடுதிப் பதிவேட்டிலும் கறிக்கடைக்காரர் ஆனார். விடுதிக் காப்பாளர், "அப்போ வாரா வாரம் ஒங்க வீட்டுல மட்டன்தான்," என்றபோது ஆமா சார் என்றான். அப்பாவின் நகக்கண்ணில் இருக்கிற கறுப்பு எந்தக் கறியிலும் வராது. ஒருமுறை விடுதிக்கு வந்தவர் வெளியே மரத்தடியிலேயே நின்றார், உள்ளே வாங்க என்று அவனும் கூப்பிடவில்லை, கையைப் பார்த்து யாராவது கேட்பார்கள் என்று. கேட்டிருந்தால்தான் என்ன. பாய்மரம் கைக்கு வந்தது. மரம் என்று பேர்தான், இரும்புக் குழாய், ஈரமாக, அதிர்ந்துகொண்டு, உயிருள்ள எதையோ தொட்டதுபோல் இருந்தது. மரத்தின் இடது பக்கம் ஆஞ்சான் கட்டியிருந்தது, அவனுக்குப் பின்னால் ஒரு கை எட்டும் தூரத்தில் நடுப்பலகையில் தாமான் கட்டியிருந்தது. இரண்டும் ஒரே பருமன், இரண்டும் ஒரே அழுக்கு வெள்ளை. முதலில் தாமான், அது தெரியும், நோட்டில் ஒன்று என்று எண் போட்டு எழுதியது. சொன்ன பிறகு இளக்கலாம். திரும்பிப் பார்த்தான். பெனடிக்டா சுக்கானை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேற்கே பார்த்தாள், முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் பார்த்த இடத்தில் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. கறுப்பு. மூட்டத்தில் எங்காவது மண் விலகிக் காற்று புகுந்தால் இப்படித்தான், முதலில் ஒரு இடம் கறுக்கும், அப்புறம் உள்ளேயிருந்து குப்பென்று பிடித்துக்கொள்ளும், பத்து நாள் கட்டை பத்து நிமிடத்தில் சாம்பல், அம்மா ஓடுவாள் மண்ணை வாரி... படகு சாய்ந்தது. இதுவரை சாய்ந்தது சாய்வே இல்லை என்கிற மாதிரி சாய்ந்தது. அவன் மரத்தைக் கட்டிக்கொண்டான். வானம் பக்கவாட்டில் வந்தது, காலுக்குக் கீழே இருந்த கடல் தோளுக்குப் பக்கத்தில் வந்தது, பாய் கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து அவள் குரல், கத்துகிறாள், கழுத்து நரம்பு தெரிகிறது, குரல் மட்டும் துண்டுதுண்டாய் வருகிறது.

"...ான இ...க்கு!" என்று வந்தது. தாமானா, ஆஞ்சானா. முன்பாதியைக் காற்று கொண்டு போய்விட்டது. இளக்கா, இறக்கா. நடு எழுத்தைக் காற்று கொண்டு போய்விட்டது. ஆவுளியாவின் குரலை இறாலின் படபடப்பிலிருந்து பிரித்துக் கேட்கத் தெரியும் என்று அவனுக்குச் சான்றிதழே இருந்தது. கேட்கவில்லை என்று கத்த வேண்டும். அவளே சொல்லியிருக்கிறாள். வாய் திறந்தது, அதில் உப்புத் தண்ணீர்தான் வந்தது, இன்னொரு முறை கேட்டால் இந்த நேரத்திலா கேட்பாய் என்பாள், நேற்று புரிந்தது என்று சொன்னவன்தானே, புரியாதவனை ஏன் அனுப்பினார்கள் என்று கரையில் போய்ச் சொல்வாள், வரிசை பின்னால் நிற்கிறது, மின்விசிறி சத்தம் போடுகிறது, சரியா இருக்கான்னு பாத்துக்கோ தம்பி, கை மரத்தில்தானே இருக்கிறது, மரத்தில் ஆஞ்சான்தானே இருக்கிறது, மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பவனிடம் ஆஞ்சானைத்தானே சொல்லியிருப்பாள், பாயை இறக்கினால் எல்லாம் நின்றுவிடும், இந்தச் சத்தம் நின்றுவிடும். அவள் பருமலைப் பிடித்துவிட்டேன் என்று சொல்லவில்லை என்பது அவனுக்கு அப்போதே தெரிந்தது. பின்னால் எத்தனையோ தடவை அவன் அந்த நொடிக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பான், ஒவ்வொரு தடவையும் அது தெரிந்தேதான் இருந்தது, இரண்டு கோடு போட்டது கண்ணுக்குத் தெரிந்தது. கை கட்டை அவிழ்த்துவிட்டது. கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு மேலே ஓடியது. பாய் பாதியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் வயிறு போல் தொங்கியது, தாங்க ஆளில்லாத பருமலின் வால் பின்னால் அவள் தோளில் விழுந்தது. அவள் கத்தவில்லை. பச்சைக் கிளை முறிகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான், பதினொரு நாளில் அவன் மிகத் தெளிவாகக் கேட்ட சத்தம் அதுதான்.

படகு நிமிர்ந்து, குறுக்காகத் திரும்பி, ஒவ்வொரு அலைக்கும் உருண்டது. பெனடிக்டா பலகைக்கும் சுக்கானுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள், வலது தோள் கீழே இறங்கியிருந்தது, காறையெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சட்டைக்கு அடியில் ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. முகம் சாம்பல் பூத்திருந்தது. "அக்கா," என்றான். "பெனிக்கா." அவள் பல்லைக் கடித்துக்கொண்டே, "செத்துப்போகல. கத்தாத," என்றாள். இடது கையால் ஜாக்கெட்டிலிருந்து வாக்கிடாக்கியை எடுத்துக் கரையைக் கூப்பிட்டாள். இந்தக் காற்றில் மீட்புப் படகு வந்து சேர ரெண்டு மணி நேரமாகும், முடிந்தவரை நீங்களே ஏறி வாருங்கள் என்றது கரை. அதுவரை கிழக்கே போய்க்கொண்டிருக்க முடியாது. "என் கை ஆவாது. நீதான் மடிக்கணும். செஞ்சிருவியா?" தலை தானாக அசையப் பார்த்தது. அந்த அசைவைக் கழுத்திலேயே பிடித்து நிறுத்தினான், அதற்கே மூச்சு வாங்கியது. "தெரியாதுக்கா. நேத்து புரிஞ்சிச்சுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொண்ணா சொல்லுங்க." அவள் அவனைப் பார்த்தாள். "நடுப்பலகைக்குப் போ. அங்கன கட்டியிருக்குதுல்ல, அதுதான் தாமான். அத முழுசா இளக்கு." "இதா?" "அதேதான்." "எவ்வளவு?" "கயிறு தீருற வரைக்கும்." பாயைத் தண்ணீரிலிருந்து இழுக்க வேண்டியிருந்தது, குளத்தில் செத்த மாட்டை இழுப்பதுபோல் கனத்தது, ஒரு முழம் இழுத்தால் அலை அரை முழத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது. வளையம் எது என்று கேட்டான். கொக்கி இடமா வலமா என்று கேட்டான். மாட்டிவிட்டு, மாட்டியது சரியா என்று கேட்டான், அவள் இருந்த இடத்திலிருந்து தெரியாது என்றாள், எப்படி இருக்கிறது என்று அவன் சொன்னான், அவள் திருப்பி மாட்டச் சொன்னாள். தோல் உரிந்த உள்ளங்கையால் ஆஞ்சானை ஏற்றினான். பருமலின் வால் பக்கத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினான். ஐந்து நாடாக்கள். வலதுமேல் இடது, இடதுமேல் வலது, மாற்றிப் போட்டால் முடிச்சு நழுவும் என்றாள், ஒவ்வொரு முடிச்சையும் போட்டு இழுத்துப் பார்த்தான், மூன்றாவது நழுவியது, அவிழ்த்து மறுபடி போட்டான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் அவன் கேட்ட கேள்விகள் மூன்று வருடக் கல்லூரியில் கேட்டதைவிட அதிகம். ஒருதடவைகூட அவள் எரிந்து விழவில்லை. நேற்றும் எரிந்து விழுந்திருக்கமாட்டாள் என்று தோன்றியபோது உள்ளங்கையைவிட அது அதிகமாக எரிந்தது.

சுருங்கிய பாயில் படகு அடங்கிப் போனது. கரை ஒரு பழுப்புக் கோடாகத் தெரிந்தது, அதன்மேல் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். பெனடிக்டா கண்ணை மூடி, இடது கையால் சுக்கானைப் பிடித்திருந்தாள், அலை தூக்கிப் போடும்போதெல்லாம் உதடு வெளுத்தது. தண்ணீர் வேண்டுமா என்றான், வேண்டாம் என்றாள். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "எல வேலு, நான் என்ன சொன்னேன்?" "எப்பக்கா?" "அப்பத்தான். தாமான இளக்குன்னுதான் நெனச்சேன். வாய்ல ஆஞ்சான இறக்குன்னு வந்துட்டோ? பயத்துல நாக்கு பெரண்டிருக்கும். போன வருசமும் இந்த மாதிரி ஒண்ணாச்சு, சின்னக் காயந்தான், ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டாங்க. இன்னொண்ணுன்னா படகு தரமாட்டாங்க." அவள் குரலில் இருந்த சந்தேகம் நிஜமானது. அவளுக்கே தெரியவில்லை. எதுவுமே காதில் விழாமல்தான் கை அவிழ்த்தது என்று தெரிந்த ஒரே ஆள் இந்தக் கடலில் அவன்தான். எனக்கும் அப்படித்தான் கேட்டது என்று சொல்லலாம், அதிகம்கூட வேண்டாம், இறக்குன்னுதான்க்கா காதுல விழுந்துச்சு, யார் வந்து பார்க்கப்போகிறார்கள், காற்றுதான் சாட்சி. அதுவும் வேண்டாம், தலையை ஆட்டினால் போதும், அந்தப் பழைய ஆட்டல், அவளே மீதியை எடுத்துக்கொள்வாள், வெளியே மரத்தடியில் அப்பா நிற்பார், உள்ளே அவர் கறிக்கடைக்காரராக இருப்பார், எதுவும் இடிந்துவிடாது. கடலைப் பார்த்தான். அது கறுப்பும் வெள்ளையுமாக வந்துகொண்டே இருந்தது. சொன்னால் வேலை போகும். வேலை போனால் ஊருக்குப் போக வேண்டும், என்ன ஆச்சு என்று அப்பா கேட்பார், அவரிடமும் ஒரு எழுத்து என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சட்டைக்கு அடியில் முட்டிக்கொண்டிருந்த எலும்பைப் பார்த்தான், வேறு பக்கம் பார்த்தான், மறுபடி பார்த்தான். "தப்பு ஒங்களோடது இல்ல," என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை, சத்தமாகச் சொன்னான். "நீங்க எதச் சொன்னீங்கன்னு எனக்குக் கேக்கவே இல்லக்கா. தாமானா ஆஞ்சானான்னும் கேக்கல, இளக்கா இறக்கான்னும் கேக்கல. கேக்கலன்னு தெரியும். நீங்க பருமலப் பிடிக்கலன்னும் தெரியும். தெரிஞ்சே அவுத்தேன். மொதல்ல வெள்ளை வந்ததையும் நான் பாத்தேன், சொல்லல. எழுதிக் கொடுக்கேன்." அவள் கண்ணைத் திறந்தாள். பிறகு, "'கேக்கல'. ஒரே ஒரு வார்த்ததானல," என்றாள். "அது சொல்லவா ஒனக்கு இவ்வளவு படிப்பு?" மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று எங்கோ படித்திருந்தான். ஆகவில்லை.

துறை நெருங்கியது. மேட்டில் ஜீப் நின்றது, இரண்டு பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்கள், அவர்களில் ஒருவன் கையில் பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருந்தான், அவளைத் தூக்கிக்கொண்டு போக. இன்னும் சற்று நேரத்தில் அவர்கள் கேட்பார்கள், அவன் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும், ஒருவேளை இந்தப் படகை இதற்குப் பிறகு தொடவே விடமாட்டார்கள். காற்று கரையோரத்தில் ஒரு கடைசிச் சுழற்று சுழற்றியது, படகு வேகமெடுத்தது, துறையில் படகு கட்டும் தூணை நேராகப் பார்த்துப் போனது. பின்னாலிருந்து அவள் ஏதோ சொன்னாள். "இ...க்கு!" ஒரு கைக்குப் பக்கத்தில் ஆஞ்சான், இன்னொரு கைக்குப் பக்கத்தில் தாமான். எதுவாக இருக்கும் என்று இந்த முறை அவனால் ஊகிக்க முடிந்தது, அநேகமாகச் சரியாகவே ஊகித்திருப்பான். இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தண்ணீரில் நிற்பவர்கள் கேட்கட்டும், மேட்டில் நிற்பவர்களும் கேட்கட்டும். "கேக்கல!" என்று கத்தினான். "பெனிக்கா, எனக்குக் கேக்கல!" அவள் சிரிக்கவில்லை. வலியில் கோணிய முகத்தை அவன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக, காற்றுக்கு மேலே குரலைத் தூக்கிச் சொன்னாள். "இ, ள, க், கு. பள்ளத்துக்கு வர்ற ள." அவன் தாமானை இளக்கினான்.